மண்ணில் நின்றோரின் பிரகடனம்

நாங்கள் பிரிவினையின்போது இந்த மண்ணை விட்டுப் போகாதவர்களின் பேரப்பிள்ளைகள். இதுவே எங்கள் முகவரி. இதிலிருந்தே எங்கள் உரிமை தொடங்குகிறது.

மதத்தை எண்ணி மக்களைப் பிரித்த ஏகாதிபத்தியம் வீழ்ந்தது. அது விட்டுச்சென்ற சந்தேகத்தின் அரசியலும் வீழ்ந்துகொண்டிருக்கிறது. தேர்தல் நாளில் வாக்குக் கணக்காகவும் மற்ற நாளெல்லாம் விசுவாசச் சோதனைக்கு உரியவராகவும் சிறுபான்மையினரை வைத்திருந்த பழைய ஒழுங்குக்கு இனி எதிர்காலம் இல்லை. அதனோடு வாதாட எங்களுக்கு நேரமும் இல்லை.

எங்கள் வழி 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் பிறந்தது. மூன்று மாதங்களுக்கு முன்புதான் கராச்சியில் அகில இந்திய முஸ்லிம் லீக் தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தது. காந்தியடிகள் கொல்லப்பட்டு நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. தலைவர்கள் பலர் எல்லை கடந்துவிட்டார்கள். இங்கே தங்கியவர்களிலும் பலர் கட்சியைக் கலைத்துவிடுவதே பாதுகாப்பு என்றார்கள். அச்சம் அறிவுரையின் உடையில் வந்த காலம் அது. அன்றுதான் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த முகமது இஸ்மாயில், நம் காயிதே மில்லத், இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தொடங்கினார். ஒத்துழையாமை இயக்கத்துக்காகக் கல்லூரிப் படிப்பையே துறந்த அந்த மனிதரிடமும் தேசப்பற்றுக்குச் சான்று கேட்டவர்கள் இருந்தார்கள் என்பதை இங்கே குறித்து வைக்கிறோம்.

அரசியல் நிர்ணய சபையில் அவர் சிறுபான்மையிலும் சிறுபான்மை. 1948 நவம்பர் 23 அன்று பொது சிவில் சட்டப் பிரிவுக்குத் திருத்தம் கொண்டுவந்தார்: எந்தச் சமூகமும் தன் தனிச் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது. அவை ஏற்கவில்லை. முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிக்கும் தனித்தொகுதி கேட்டார், அதையும் ஏற்கவில்லை. 1949-இல் ஆட்சிமொழி விவாதத்தில், தொன்மைதான் அளவுகோல் என்றால் தமிழே முன்னிற்கும் என்றார். தோற்றார், தோற்ற அவையைத் துறக்கவில்லை. தன் திருத்தங்களை மறுத்த அதே அரசியல் சட்டத்தின் கீழ் மாநிலங்களவைக்குச் சென்றார். பிறகு மலையாள மண்ணின் மஞ்சேரி, இந்தத் தமிழரை 1962, 1967, 1971 என மூன்று முறை மக்களவைக்கு அனுப்பியது.

அவர் கேட்ட எல்லாவற்றையும் நாங்கள் கேட்கவில்லை. தனித்தொகுதி 1909-இல் வெள்ளையர் ஆட்சி போட்ட வேலி. அதற்குள் திரும்பிப்போக எங்களுக்கு விருப்பமில்லை. அவரிடமிருந்து நாங்கள் பெறுவது கோரிக்கையின் பட்டியலை அல்ல, கோருகிறவரின் நிமிர்வை.

ஆகவே அறிவிக்கிறோம். சமத்துவத்தைச் சலுகையாகப் பெறோம். அடையாளத்தை அபராதமாகச் சுமவோம். தாய்மொழியையும் மார்க்கத்தையும் எதிரெதிர்த் தட்டில் வைக்கும் தராசை ஏற்கோம். வன்முறைக்கு வன்முறையை விடையாக்கோம், மௌனத்தையும் விடையாக்கோம். எங்கள் பெயரால் பேசி எங்களுக்குள்ளேயே பெண்களின் குரலை அடக்கும் தலைமையையும், எங்களை அச்சுறுத்தி வாழும் தலைமையையும் ஒருசேர மறுக்கிறோம். இந்த முதல் மறுப்புக்கு எங்கள் வீடுகளிலேயே எதிர்ப்பு எழும், எழட்டும்.

எங்கள் இயக்கத்தில் உறுப்பினராகச் சேர மதம் கேட்கப்படாது. சந்தா கொடுப்பவர் அரசியல் நிர்ணய சபை விவாதங்களில் ஒரு நாள் விவாதத்தையேனும் படித்து, தம் தெருவில் தமிழில் எடுத்துரைக்க வேண்டும். முதல் கூட்டம் பேட்டையில். 1948 நவம்பர் 23 விவாதத்தை, காயிதே மில்லத்தின் பேச்சையும் அவரை மறுத்த முன்ஷி, அம்பேத்கர் பேச்சுகளையும் சேர்த்தே, அங்கே வாசிக்கிறோம்.