மாதிரிக் காசோலையும் மாலை ஏந்திய பிள்ளைகளும்



ஒவ்வொரு பொதுத்தேர்தல் முடிந்த பின்னும் நம்மவர்கள் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். எத்தனை இந்தியர் வென்றார்? எத்தனை இந்தியர் அமைச்சரானார்? 2022 நவம்பர் 19-இல் நடந்த 15-ஆவது பொதுத்தேர்தலுக்குப் பின்னும் அதே கணக்கு. எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிட்டாமல் நாடே ஐந்து நாள் காத்திருந்தது. நவம்பர் 24-இல் டத்தோ ஸ்ரீ அன்வார் இப்ராகிம் பிரதமராகப் பதவியேற்றார். நம்மவர்களோ அமைச்சர் பட்டியலில் நம் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்!

எனக்குள்ள கேள்வி வேறு. தேர்தலுக்கு முன் தமிழ்ப்பள்ளி மேடைகளில் நீட்டப்பட்ட அந்த அட்டைக் காசோலைகள் என்னவாயின?

சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர்ச் சாலைகளில் திரண்ட மக்கள் மானியம் கேட்டா வந்தார்கள்? இல்லை. மதிக்கப்படவில்லை என்ற குமுறல்தான் அவர்களை வீதிக்கு இழுத்து வந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 8-இல் அந்தக் குமுறல் வாக்குப் பெட்டியில் விழுந்தது. தேசிய முன்னணி 222 இடங்களில் 140 மட்டுமே வென்று மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. போட்டியிட்ட 9 நாடாளுமன்றத் தொகுதிகளில் ம.இ.கா. வென்றது மூன்றே. 1974 முதல் சுங்கை சிப்புட்டைக் கையில் வைத்திருந்த சாமிவேலு, டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார். ‘தலைவர் வாங்கித் தருவார்’ என்ற அரசியல் அன்றோடு முடிந்தது என்றே பலரும் எண்ணினோம்.

முடிந்ததா? 2013-இல் தேர்தலுக்குச் சில வாரம் முன்பு இண்ட்ராப்பின் ஒரு பிரிவு தேசிய முன்னணியோடு ஒப்பந்தம் செய்தது. ஓராண்டு ஆவதற்குள் அது கசந்தது. 2018 மே 9-இல் விடுதலைக்குப் பின் முதன்முறையாக ஆட்சி மாறியது. 2020 பிப்ரவரியில், நாம் வாக்களித்து அமைத்த அந்த ஆட்சி நம்மைக் கேளாமலே கவிழ்ந்தது. பிரதமர்கள் மாறினார்கள், கூட்டணிகள் மாறின. காசோலையின் மேல் அச்சிட்ட முகம் மாறியது. அட்டையின் அளவு மட்டும் மாறவில்லை!

இந்தக் காசோலைக்கு ஏன் இத்தனை வேலை என்று அறிய, நம் பள்ளிகளின் நிலையை அறிய வேண்டும். தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் தருகிறது, பாடநூல் தருகிறது. ஆனால் கட்டடம் அரசாங்கத்தின் முழுப் பொறுப்பில் இல்லை. நிலம் பல இடங்களில் இன்னும் தோட்ட நிறுவனத்தின் பெயரிலேயே கிடக்கிறது. கூரை ஒழுகினால் மேலாளர் வாரியமும் பெற்றோரும் அலைய வேண்டும். விருந்து வைத்தும் நன்கொடை திரட்டியும் காசு சேர்க்க வேண்டும். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. தோட்டம் துண்டாடப்பட்டது, மக்கள் பெயர்ந்தார்கள், பள்ளி மூடப்பட்டது என்பது பாதிக் கதை. நிலம் பள்ளியின் பெயரில் இல்லாததால் பள்ளியை நிலைநிறுத்த வழியின்றிப் போனது மீதிக் கதை. ஒழுகும் கூரைதான் அரசியல்வாதிக்குக் கிடைத்த மேடை. கூரையை நிரந்தரமாகச் செப்பனிட்டால் அடுத்த தேர்தலுக்கு அவர் எதைத் திறந்துவைப்பார்?

இருபது ஆண்டுகளுக்கு மேல் பயிற்றுவிக்கிறேன். பிரமுகர் வருகிறார் என்றால் ஒரு வாரம் கணிதமும் அறிவியலும் கோலாட்ட ஒத்திகைக்குப் பலியாகும். ஒன்பது மணிக்கு வருபவர் பதினொன்றுக்கு வருவார். பிள்ளைகள் மாலையும் கையுமாக வெயிலில் நிற்பார்கள். 2013-இல் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், “டீச்சர், இவ்வளவு பெரிய காசோலைய பேங்க்ல எப்படி வாங்குவாங்க?” என்று கேட்டான். அவன் கேட்டது வேடிக்கைக்காக அன்று. அந்தத் தொகையில் எவ்வளவு, எப்போது வந்து சேர்ந்தது என்று பெற்றோர் எவருக்கும் கணக்குக் காட்டப்படவில்லை. அந்த மாணவனுக்கு 2022-இல் பதினெட்டு வயது. 18 வயதில் வாக்குரிமை, தானியங்கி வாக்காளர் பதிவு என்ற சட்டத் திருத்தத்தின் பயனாய் முதல் வாக்கை அவன் அந்த ஆண்டே செலுத்தியிருக்கலாம். யாருக்கு என்பது என் வேலையன்று.

“கொடுப்பதை வாங்கிக்கொள்வதில் என்ன தவறு?” என்பார் தலைமையாசிரியர். அவர் நிலை எனக்குப் புரிகிறது. கழிப்பறைக் கதவு உடைந்து கிடக்கையில் கொள்கை பேச முடியாது. பணத்தை வாங்குங்கள். அது நம் வரிப்பணம். ஆனால், வரவுசெலவுத் திட்டத்தில் எழுதப்பட வேண்டிய உரிமையை மேடையில் கைநீட்டி வாங்குவது, அதுவும் ஏழு வயதுப் பிள்ளையின் கண்முன்னே வாங்குவது, என்ன பாடம்? நன்னெறிப் பாடத்தில் நாம் சொல்லித் தருவதற்கு இது முரண் அல்லவா?

“நீங்கள் அரசாங்க ஊழியர், அரசியல் பேசலாமா?” என்று சிலர் மிரட்டுவதும் உண்டு. நான் எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்கவில்லை. தேர்தல் நாளில் வாக்குச்சாவடி ஆவது பள்ளிக்கூடம். அதில் பணியாற்றுவோரில் பெரும்பகுதி ஆசிரியர்கள். கைவிரலில் மை தடவுவதும், மாலையில் கதவடைத்து வாக்குச்சீட்டுகளை ஒவ்வொன்றாய் எண்ணுவதும், படிவம் 14-இல் எண்களை நிரப்புவதும் எங்கள் தொழில்துறையினர்தாம். வாக்கை எண்ணத் தகுதியுள்ளவருக்குப் பள்ளிப் பணத்தை எண்ணும் தகுதி இல்லையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்நாட்டில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பள்ளி விழாவுக்கு நாம் அழைப்பது நம் இனத் தலைவரையே, அவர் அத்தொகுதியின் உறுப்பினராக இல்லாவிடினும். நம் பள்ளி இருக்கும் தொகுதியின் உறுப்பினர் மலாய்க்காரரோ சீனரோ, தமிழ்ப்பள்ளிக்கு அவரும் பொறுப்பாளியே. அவரை எழுத்தில் கேளுங்கள். நாடாளுமன்றத்தில் எங்கள் பள்ளியின் நிலத்தைப் பற்றி எத்தனை முறை பேசினீர்கள் என்று கேளுங்கள். இந்திய அமைச்சர் எத்தனை பேர் என்ற கணக்கில் இவரை நாம் இத்தனை காலமும் தப்பவிட்டுவிட்டோம்.

பெற்றோர்களே, உங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கும். தேநீருக்கு முன்பே எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். பள்ளி நிலம் யார் பெயரில் உள்ளது? சென்ற தேர்தலுக்கு முன் அறிவித்த தொகையில் வந்தது எவ்வளவு? முழு உதவிப் பள்ளியாக மாற்றக் கோரி மேலாளர் வாரியம் கடைசியாக என்று கடிதம் எழுதியது? பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.