பாய்மரம் வெள்ளைக்காரனுக்கு மட்டுமா?

மத்தியதரைக் கடல்ல, செங்குத்தான மலைக்கரையை ஒட்டிப் பாய்மர யாட் ஓடுற வீடியோ பார்த்தா, பேராதனை விடுதியில உடனே ஒரு தீர்ப்பு வரும்: "அதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை மச்சான்." எனக்கு அதில உடன்பாடு இல்லை.

வல்வெட்டித்துறையில 1930இல் கட்டின 'அன்னபூரணி' பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோட அது சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் எல்லாம் தாண்டி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைஞ்சது. போனது புதுப் பெயரில: 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்'. கட்டினவங்க, ஓட்டினவங்க பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனா இந்தப் பெருமையோட நிப்பாட்டினாலும் கதை பாதிதான். கண்டி, மாத்தளைப் பக்கம் எங்கட முன்னோர் 19ஆம் நூற்றாண்டுல பாக்கு நீரிணையைத் தோணியில கடந்து, மன்னாரில இருந்து காட்டுவழியா நடந்து வந்தவங்க. வழியிலேயே செத்தவங்க ஏராளம். அவங்களுக்குக் கடல் உல்லாசம் இல்லை, கோப்பித் தோட்டத்துக்கான பாதை.

வடக்கின் கப்பலும் மலையகத்தின் தோணியும் ஒரே பாடத்தில பக்கத்துப் பக்கத்தில வரணும். ஒன்றைக் கொண்டாடி மற்றதை மறக்கிறது வரலாறு இல்லை.