இம்போர்ட் வரியை மேலே தள்ளினால் போதுமா?

தனியாக ஓட்டினால் டெஸ்ட் பாஸ். மற்ற டெஸ்ட்களோடு சேர்த்து ஓட்டினால் ஃபெயில். பைத்தானில் நிரல் எழுதும் பலருக்கும் பழகிப்போன தலைவலி இது. வழக்கமான வைத்தியம் என்ன? ஒரு இம்போர்ட் வரியைத் தூக்கி மேலே போடுவது. டெஸ்ட் பாஸ் ஆனதும் பக்கத்திலேயே "இந்த வரியை நகர்த்தாதீர்கள்" என்று ஒரு குறிப்பு. வேலை முடிந்ததா? இல்லை.

பைத்தான் ஒரு மாட்யூலை ஒரு தடவைதான் ஓட்டும். அதை சிஸ்.மாட்யூல்ஸ் என்ற பட்டியலில் வைத்துக்கொண்டு, அடுத்து யார் கேட்டாலும் அதையே எடுத்துக் கொடுக்கும். ஒரு கன்ஃபிக் மாட்யூல், லோடு ஆகும்போதே டேட்டாபேஸ் முகவரியை என்விரான்மென்ட் வேரியபிளில் இருந்து படித்துவிடுகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் இருந்த முகவரிதான் கடைசி வரை எல்லா டெஸ்ட்டுக்கும். பின்னால் வரும் டெஸ்ட் அதை மாற்றினாலும் பலிக்காது. சோதனை டேட்டாபேஸ் என்று நம்பி நிஜ டேட்டாபேஸைத் துடைத்துவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. இருப்பாய்வு ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போடலாம். இரண்டு பக்கமும் டேலி ஆகும், ஆனால் பிழை அப்படியே இருக்கும். வரியை நகர்த்துவதும் அதே கதைதான். நாளைக்கு யாராவது ஐசார்ட் கருவியை ஓட்டினால் இம்போர்ட்கள் அகர வரிசைக்குப் போய்விடும். "நகர்த்தாதீர்கள்" குறிப்பும் கூடவே நகரும் :-)

சில சண்டைகளைக் கருவியே தீர்க்கும். இரண்டு ஃபோல்டர்களில் ஒரே பெயரில் டெஸ்ட் ஃபைல்கள் இருந்து, இனிட் ஃபைல் இல்லாவிட்டால், பைடெஸ்ட் குழம்பிப் பிழை காட்டும். இதற்கு 2020ல் வந்த பைடெஸ்ட் 6.0 இம்போர்ட்லிப் முறையைத் தந்தது. ஆனால் அது பெயர்க் குழப்பத்துக்கு மருந்து. லோடு ஆகும்போதே வேலை செய்யும் மாட்யூலுக்கு அது உதவாது.

அதற்கு நிரலைத்தான் திருத்த வேண்டும். முகவரியை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துத் தேவைப்படும்போது படிக்கலாம். டெஸ்ட்டில் மங்கிபேட்ச் மூலம் மாற்றினால், டெஸ்ட் முடிந்ததும் பழைய மதிப்பு தானாகத் திரும்பிவிடும். பிறகு ஒவ்வொரு ஃபைலையும் தனியாகவும், எல்லாவற்றையும் சேர்த்தும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வரிசை நிஜமாகவே முக்கியமான இடங்களும் உண்டு. ஜிஈவென்ட்டின் மங்கி பேட்ச் மற்ற இம்போர்ட்களுக்கு முன்பே நடந்தாக வேண்டும். அங்கே அதை ஒரே இடத்தில் வைத்து, காரணத்தையும் எழுதிவிடுங்கள். காரணம் சொல்ல முடியாத வரிசை என்றால், அது இன்னும் கண்டுபிடிக்காத பிழை.