எளிய புத்தகத்தைக் கையில் எடுக்க வெட்கமா?

பொந்தியானிலிருந்து ஸ்கூடாயில் இருக்கும் யுடிஎம் பல்கலைக்கழகத்துக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் முடித்த நம் வட்டாரப் பிள்ளைகள் அங்கும், பாரிட் ராஜாவிலுள்ள யுடிஎச்எம்முக்கும், இன்னும் தொலைவாகவும் மேற்படிப்புக்குப் போகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு, புகுமுக வகுப்புக்குப் போனவர்களுக்குக் கூடுதலாக ஓராண்டு என ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்தவர்கள்தாம் இவர்கள். இருந்தும் முதல் செமஸ்டரில் விரிவுரையாளர் நாற்பது பக்க ஆங்கில அத்தியாயம் ஒன்றைக் கொடுத்து, அடுத்த வாரத்துக்குள் படித்து வரச் சொன்னால் பலர் திணறிப் போகிறார்கள். இலக்கணம் தெரியாதது இதற்குக் காரணமல்ல. நாற்பது பக்கத்தைத் தொடர்ந்து வாசித்த பழக்கமே அவர்களுக்கு இல்லை.

முயெட் தேர்வுக்கு நாம் தயாராகும் விதத்தைப் பாருங்கள். வாசிப்புத் தாளில் 75 நிமிடத்தில் 40 கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். அதற்காகப் பழைய கேள்வித்தாள்களைக் கட்டுக்கட்டாக வாங்கிச் செய்து பார்க்கிறோம். கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்பதை அது கற்றுக்கொடுக்கும். மொழியைக் கற்றுக்கொடுக்குமா? ஒரு பக்கத்தை எடுத்து, தெரியாத சொல்லுக்கெல்லாம் கோடிட்டு, அகராதி பார்த்து, விடை எழுதுவது ஆழ்ந்த வாசிப்பு. அதுவும் தேவைதான். ஆனால் அதை மட்டுமே செய்கிறவர் ஆண்டு முழுவதற்கும் வாசிக்கும் ஆங்கிலம் மொத்தமே சில பத்துப் பக்கங்கள்தாம். மொழி ஆசிரியர்கள் பரந்த வாசிப்பு என்று சொல்வது வேறு. எளிய புத்தகங்களை, நமக்குப் பிடித்ததை நாமே தேர்ந்தெடுத்து, கேள்வி பதில் எதுவும் இல்லாமல், நிறைய வாசித்துத் தள்ளுவது அது.

இது சோம்பேறிகளுக்கான குறுக்குவழி என்று நினைப்பவர்கள் ஜப்பானில் நடந்ததை அறிய வேண்டும். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில், ஆங்கிலப் பாடத்தில் தோல்வியடைந்து மறுபடியும் அதே பாடத்தை எடுக்க வந்த மாணவர்கள் பெனிக்கோ மேசன் என்ற ஆசிரியையிடம் வந்து சேர்ந்தார்கள். வழக்கமான பாடத்துக்குப் பதிலாக அவர்களை எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்களை ஏராளமாக வாசிக்க விட்டார் அவர். தொடக்கத்தில் மற்ற வகுப்பைவிட மிகவும் பின்தங்கியிருந்தவர்கள், ஒரே செமஸ்டரின் முடிவில் அந்த வகுப்பை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டார்கள். ஆங்கிலம் என்றாலே முகம் சுளித்தவர்களில் பலர் ஆர்வத்தோடு வாசிக்கத் தொடங்கினார்கள். ஸ்டீபன் கிராஷனோடு சேர்ந்து 1997இல் இந்த ஆய்வை அவர் வெளியிட்டார். அதற்கு முன்பே, நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்று குடியேறிய பிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில், வகுப்பறைக்கு 250 கதைப் புத்தகங்களைக் கொடுத்துப் பார்த்தபோதும் பலன் இப்படித்தான் இருந்தது.

நம்மிடம் இது எடுபடாமல் போவதற்குக் காரணம் வெட்கம். பல்கலைக்கழக மாணவர் 700 சொற்களுக்குள் எழுதப்பட்ட கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் நண்பர்கள் சிரிப்பார்கள் என்ற பயம். அதனால் யாரோ சொன்னார்கள் என்று சார்ல்ஸ் டிக்கன்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து, பன்னிரண்டாம் பக்கத்தில் மூடி வைத்து, 'எனக்கு ஆங்கிலம் வராது' என்று முடிவுகட்டிவிடுகிறோம். தவறு அவரிடமும் இல்லை, டிக்கன்ஸிடமும் இல்லை, தேர்வில்தான் இருக்கிறது. நூறு சொல்லுக்கு இரண்டுக்கு மேல் தெரியாத சொல் வந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்; ஒருபடி கீழே இறங்குங்கள். ஆக்ஸ்ஃபர்டு புக்வார்ம்ஸ் போன்ற படிநிலைப் புத்தகங்கள் இதற்கென்றே எழுதப்பட்டவை. அதன் முதல் படி 400 அடிப்படைச் சொற்கள், ஆறாம் படி 2,500. நிமிடத்துக்கு நூறு சொல் என்ற மெதுவான வேகத்தில் தினம் கால் மணி நேரம் வாசித்தாலே ஆண்டுக்கு ஐந்து லட்சம் சொற்களைத் தாண்டிவிடலாம். எந்த டியூஷன் வகுப்பும் இவ்வளவு ஆங்கிலத்தைக் கண்ணில் காட்டாது.

படிநிலைப் புத்தகங்களைக் கடந்தவர்கள் ஆர்.கே. நாராயணிடம் போகலாம். 1935இல் வந்த 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' நாவலில் வரும் வீடும் பாட்டியும் பரீட்சைப் பயமும் நமக்கு அந்நியமில்லை. கதைச்சூழல் தெரிந்திருந்தால் பாதிச் சொற்களுக்கு அகராதியே வேண்டாம். பிறகு நம் நாட்டு கே.எஸ். மணியம். கெடா, பீடோங்கில் பிறந்த அவர் 1981இல் எழுதிய 'தி ரிட்டர்ன்', சலவைத் தொழிலாளியின் மகன் ஒருவன் ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் கதை. நம் தாத்தா காலத்து வாழ்க்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை நம்மில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்?

புத்தகத்துக்குக் காசில்லை என்பவர்களுக்குப் பொந்தியானில் பொது நூலகம் இருக்கிறது. தேசிய நூலகத்தின் யு-புஸ்தாக்கா மூலம் கைப்பேசியிலேயே இரவல் பெறலாம். விரிவுரையாளர்களும் கொஞ்சம் மனம் வைக்க வேண்டும். படிநிலைப் புத்தகங்களைப் பல்கலைக்கழக நூலகத்தின் கண்ணில் படும் அடுக்கில் வைத்து, அவர்களே ஒன்றை எடுத்து வாசித்தால் மாணவர்களின் கூச்சம் தானாகக் குறையும்.

நம் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிவுகள் வந்ததும் மண்டபம் எடுத்து, சிறந்த மாணவர்களுக்குக் கேடயமும் பொன்னாடையும் கொடுக்கிறோம். கேடயம் அலமாரியில் தூசு படிந்து கிடக்கிறது. அடுத்த விழாவில் அதே செலவில் ஆளுக்கு ஐந்து எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்துப் பாருங்கள். வாசித்து முடித்தவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளட்டும்.