யார் இட்ட கையொப்பம்?

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கொடிய பிரிவுகளைப் பற்றி எவரேனும் வினா எழுப்பினால், ஆட்சியாளர்கள் உடனே உயர்த்திப் பிடிக்கும் கேடயம் ‘சர்வதேசக் கடப்பாடு’ என்பதாகும். உலக நாடுகளுடன் உடன்படிக்கை செய்திருக்கிறோம், எங்கள் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்பது அவர்களது வாதம். கட்டியது யார், எப்போது, யாரைக் கேட்டு என்ற கேள்விகளை மட்டும் அவர்கள் விரும்புவதில்லை.

ஓர் உடன்படிக்கைக்குள் ஒரு நாடு நுழையும் வழிகள் சில. மாநாட்டில் கையொப்பமிட்டுப் பின்னர் ஏற்புறுதி அளிக்கலாம். கையொப்பமிடாத நாடு பிற்காலத்தில் இணையலாம். விடுதலை பெற்ற நாடு பழைய எஜமானனின் கையொப்பத்தை வாரிசாகத் தொடரலாம். 1961-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் குறித்த ஒருங்கிணைந்த உடன்படிக்கை, ஒரு நாட்டின் ஆளுகைக்கு உட்பட்ட காலனிப் பகுதிகளையும் தனது வலைக்குள் கொண்டுவந்தது. அப்போது ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குச் சொந்தக் கொடியே இல்லை. விடுதலைக்குப் பின் அவற்றுள் பல, முந்தைய ஆட்சியாளர் ஏற்ற கடப்பாடுகளைத் தொடர்வதாக ஐ.நா. பொதுச்செயலருக்குக் கடிதம் எழுதின. வீடு கைக்கு வந்தபோது கடன் பத்திரமும் சேர்ந்தே வந்தது.

இந்தியாவின் கதையும் இத்தகையதே. 1924-25 ஜெனீவா அபினி மாநாட்டில் ‘இந்தியா’ என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர் பிரிட்டிஷ் அதிகாரி. அபினி ஏகபோகம் கஜானாவை நிரப்பிக்கொண்டிருந்தவரை, உள்நாட்டு நுகர்வு எங்கள் சொந்த விவகாரம் என்று அதே பிரிட்டிஷ் இந்திய அரசு வாதாடியது. அன்று மட்டும் கைகள் கட்டப்படவில்லை போலும்! பின்னர், அதிகார மாற்றத்திற்கு முந்தைய நாளான 1947 ஆகஸ்ட் 14 அன்று வெளியான ஆணையின் வழியே, பிரிட்டிஷ் இந்தியா ஏற்ற சர்வதேச ஒப்பந்தங்களின் உரிமைகளும் கடமைகளும் இரு புதிய நாடுகளுக்கும் வந்து சேர்ந்தன. எந்த மக்களவையும் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விவாதிக்கவில்லை.

வாரிசுரிமையைக் காட்டிலும் கொடியது சர்வாதிகாரியின் கையொப்பம். பொலிவியா 1961 உடன்படிக்கையில் இணைந்தது 1976-இல், ஜெனரல் ஹ்யூகோ பான்செரின் இராணுவ ஆட்சியில். கோகா இலை மெல்லும் வழக்கம், உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 25 ஆண்டுகளுக்குள் ஒழிக்கப்பட வேண்டும் என்பது அதன் 49-வது ஷரத்து. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததோ 1964 டிசம்பரில். ஆக, பொலிவியா உள்ளே நுழைந்தபோதே தவணையில் ஏறத்தாழப் பாதி கடந்துவிட்டிருந்தது. ஆண்டிஸ் மலையின் உயரத்தில் ஈயச் சுரங்கத்துக்குள் இறங்கும் தொழிலாளி பசியையும் களைப்பையும் தாங்குவதற்கு மெல்லும் இலை அது. அய்மாரா, கெச்சுவா மக்களின் சடங்குகளிலும் விருந்தோம்பலிலும் பல நூற்றாண்டுகளாக இடம்பெற்ற இலை அது. அவர்களில் ஒருவரையும் பான்செர் கேட்கவில்லை.

இதே உடன்படிக்கையின் 27-வது ஷரத்தையும் தோழர்கள் படித்துப் பார்க்க வேண்டும். போதைச் சத்து நீக்கப்பட்ட சுவையூட்டி தயாரிப்பதற்குக் கோகா இலையைப் பயன்படுத்தலாம் என்று அது அனுமதிக்கிறது. எந்தக் குளிர்பானத்துக்காக இந்தக் கதவு திறந்து வைக்கப்பட்டது என்பதை உலகம் அறியும். சுரங்கத் தொழிலாளியின் வாயில் இருந்தால் ஒழிக்கப்பட வேண்டிய தீமை, பன்னாட்டு நிறுவனத்தின் ஆலைக்குள் சென்றால் சட்டபூர்வமான மூலப்பொருள். ஏகாதிபத்தியத்தின் ஒழுக்கநெறியை இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதிக் காட்டியதில்லை.

கோகா விவசாயிகள் சங்கத்திலிருந்து எழுந்து 2006-இல் குடியரசுத் தலைவரான எவோ மொராலெஸ் இந்த வாரிசுச் சொத்தை ஏற்க மறுத்தார். 2009-இன் புதிய அரசியல் சட்டம் கோகா இலையை நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அதே ஆண்டில் 49-வது ஷரத்தைத் திருத்துமாறு பொலிவியா ஐ.நா.விடம் கோரியது. அமெரிக்காவின் தலைமையில் பணக்கார நாடுகள் ஆட்சேபித்தன, திருத்தம் மடிந்தது. பொலிவியா அழுது ஓயவில்லை. 2011-இல் உடன்படிக்கையிலிருந்தே வெளியேறுவதாக அறிவித்தது. கோகா மெல்லும் உரிமைக்கு விலக்கு என்ற நிபந்தனையுடன் மீண்டும் இணைய விண்ணப்பித்தது. இத்தகைய நிபந்தனையைத் தடுக்க வேண்டுமானால் உறுப்பு நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு 12 மாதங்களுக்குள் எதிர்க்க வேண்டும். எதிர்த்தவை 15 மட்டுமே. 2013 ஜனவரியில் பொலிவியா, தன் இலையைக் கையில் ஏந்தியபடி உள்ளே திரும்பியது. ஒழுங்கு குலைந்துவிடும் என்று கூக்குரலிட்டவர்கள் பலர்; உடன்படிக்கை இன்றும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

இனி நமது ஆட்சியாளர்களிடம் திரும்புவோம். 1964-இல் ஏற்புறுதி அளித்தபோது இந்தியாவும் 49-வது ஷரத்தின் கீழ்த் தற்காலிக விலக்குகளைக் கோரிப் பெற்றது. பூவும் கனியும் சேராத கஞ்சா இலை உடன்படிக்கையின் கஞ்சா வரையறைக்குள் வருவதில்லை. அதனால்தான் வட மாநிலங்களில் பாங்கு கடைகள் அரசு உரிமத்துடன் நடக்கின்றன. வளைய வேண்டிய இடத்தில் வளைவது எப்படி என்று டெல்லிக்கு நன்றாகவே தெரியும்.

வளையாத இடம் எது? 1985-இல் சட்டம் வந்தது. 1989-இல் அது திருத்தப்பட்டது: பிணை கிடைப்பதை ஏறத்தாழ இயலாததாக்கும் 37-வது பிரிவு, சில குற்றங்களை மீண்டும் செய்தால் கட்டாய மரண தண்டனை, கூடவே முகப்புரையில் ‘சர்வதேச உடன்படிக்கைகளைச் செயல்படுத்த’ என்ற சொற்கள். ஆனால் 1988-ஆம் ஆண்டின் கடத்தல் தடுப்பு உடன்படிக்கையில் இந்தியா இணைந்தது 1990 மார்ச்சில்தான். கடப்பாடு வருவதற்கு முன்பே கயிறு திரிக்கப்பட்டுவிட்டது. எந்த உடன்படிக்கையும் மரண தண்டனையைக் கேட்கவில்லை. போதைக்கு ஆட்பட்டவர்களுக்குத் தண்டனைக்கு மாற்றாகச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கலாம் என்பதே 1961 உடன்படிக்கையின் 1972-ஆம் ஆண்டுத் திருத்தம். கட்டாய மரண தண்டனையை 2011-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது. 2014-இல் சட்டமும் அதைக் கைவிட்டது. எந்த வெளிநாடும் இந்தியாவைக் கூண்டில் ஏற்றவில்லை.

37-வது பிரிவோ இன்றும் இருக்கிறது. சரக்கின் உரிமையாளன் அரிதாகவே அகப்படுகிறான். கூலிக்கு மூட்டை சுமந்தவனும், வண்டி ஓட்டியவனும் விசாரணைக் கைதிகளாக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நமது நாட்டில் ஓர் உடன்படிக்கையில் சேர நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. அமைச்சரவை முடிவெடுத்தால் போதும். அதைச் செயல்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 253-வது ஷரத்து நாடாளுமன்றத்துக்கு வழங்குகிறது, மாநிலப் பட்டியலில் உள்ள விவகாரங்களிலும்கூட. சேர்வதா வேண்டாமா, எந்த நிபந்தனையுடன் சேர்வது என்று நாடாளுமன்றத்தைக் கேட்டாக வேண்டும் என எந்த ஷரத்தும் கட்டாயப்படுத்தவில்லை. உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கைகள் வந்தபோது இடதுசாரிகள் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினர். ஏற்புறுதிக்கு முன் நாடாளுமன்ற ஒப்புதலைக் கட்டாயமாக்கும் அரசியல் சட்டத் திருத்தம் விதைக்கும் மருந்துக்கும் எவ்வளவு அவசியமோ, பிணையின்றிச் சிறையில் கிடக்கும் கூலியாளுக்கும் அவ்வளவு அவசியம். 37-வது பிரிவைத் திருத்துவதற்கோ அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜெனீவாவின் அனுமதியும் வியன்னாவின் அனுமதியும் அதற்குத் தேவைப்படாது.