மூன்றாங் கற்பனையும் நான்காங் கற்பனையும்

அம்பத்தூரை அடுத்ததொரு பங்கில், ஞாயிறுதோறும் காலைப் பூசை முடிந்தபின் சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பிக்கும் பணி எனக்கு வாய்த்திருக்கிறது. புதுநன்மைக்கு ஆயத்தஞ் செய்யும் எட்டு வயதுப் பிள்ளைகளே என் வகுப்பினர். சென்ற ஆண்டு ஒரு நாள் திருச்சபையின் கட்டளைகளை விளக்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாள்களிலும் பூசை காணவேண்டுவது அவற்றுள் முதலாவது என்றும், அதனை விடுவது சாவான பாவம் என்றும் கூறி முடித்தேன். ஏனைய பிள்ளைகள் எழுந்தோடிவிட்டனர். ஒரு சிறுமி மட்டும் பையைத் தோளில் மாட்டியபடி நின்றாள். “சார், எங்கள் அப்பாவும் அம்மாவும் பூசைக்கு வருவதேயில்லை. அவர்கள் நரகத்துக்கா போவார்கள்?” என்று கேட்டாள்.

யான் தடுமாறினேன். “அப்படியெல்லாம் நினைக்கலாகாது, அம்மா, நீ ஜெபம் செய்” என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். அவள் வினாவிற்கு விடையும் கூறவில்லை. அவள் அச்சத்தையும் நீக்கவில்லை. அன்றுமுதல் இதனைப்பற்றி எண்ணிவந்தவற்றையே நேயர்கள்முன் வைக்கத் துணிந்தேன்.

பத்துக் கற்பனைகளுள் மூன்றாவது, ஆண்டவருடைய நாளைப் பரிசுத்தமாய் அனுசரிக்கப் பணிக்கிறது. நான்காவது, தாய் தந்தையரைச் சங்கித்து நடக்கப் பணிக்கிறது. அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பகைத்தல் ஆகாது. ஆயினும் அச்சிறுமியின் நெஞ்சில் அவை மோதின. மூன்றாவதை நம்பினால் தன்னைப் பெற்றவரைப் பாவிகளெனத் தீர்க்கவேண்டும். பெற்றவரை நம்பினால் மூன்றாவது வெறும் பேச்சென்று கொள்ளவேண்டும். பச்சிளங் குழந்தையை இவ்விரண்டிற்கும் நடுவே நிறுத்தியவர் யாவர்? பூசைக்கு வாராத பெற்றோர்க்கு இதிற் பங்குண்டு. உண்மையிற் பாதியை மட்டும் கற்பித்த எனக்கும் பங்குண்டு.

நம் பகுதியின் நிலைமையை முதற்கண் நோக்குவோம். 1960களில் ஆவடியில் போர் டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. பின்னர்ப் பூந்தமல்லிக்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூர்வரை சாலையின் இருமருங்கும் ஆலைகள் பெருகின. நெல்லை, தூத்துக்குடி, குமரி முதலிய தென்மாவட்டங்களினின்று பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பல இங்குக் குடியேறின. சொந்த ஊரில் அவர்களுடைய வாரத்தை அளந்தது கோவில் மணி. இங்கே அளப்பது ஷிப்டு. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஞாயிற்றுக்கிழமையையே வார விடுமுறையாகக் குறித்தது. எனினும் அதற்கு முன் மூன்று நாள்களிலோ பின் மூன்று நாள்களிலோ ஒரு நாள் முழுவிடுமுறை அளித்தால் ஞாயிறன்றும் வேலை வாங்கலாமென்று இடமளித்தது. ஆலைகளேயன்றி மருத்துவமனைகளும், கடல்கடந்த நாடுகளின் பகற்பொழுதிற்கேற்ப இரவெல்லாம் விழித்திருக்கும் கணினி அலுவலகங்களும் ஞாயிறென்று நிற்பதில்லை.

இவற்றோடு 2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோயும் வந்தது. ஆலயங்கள் அடைபட்டிருந்த மாதங்களில் கைப்பேசியில் பூசை கண்டோர் பலர். கதவு திறந்த பின்னும் சிலர் நாற்காலியை விட்டு எழவில்லை. ஆகவே, பூசைக்கு வாராதவர் அனைவரும் ஒரே இனத்தவர் அல்லர். இரவு வேலை முடித்து விடியலில் வீடு திரும்புபவர் உளர். நோயாளியைவிட்டு நகர முடியாதவர் உளர். கைக்குழந்தையோடு போராடுபவர் உளர். பங்கில் எவரோ சொன்ன சுடுசொல்லால் மனம் முறிந்தவர் உளர். சோம்பலால் வாராதவரும் உளர். இவர்களைப் பிரித்தறிய ஆசிரியனாலேயே இயலாதபோது குழந்தையால் எங்ஙனம் இயலும்?

இத்தகைய வீடுகளினின்று வரும் பிள்ளைகளுக்குப் பாவத்தைப்பற்றிக் கற்பிப்பதில் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. ஒரு சாரார், “பூசை விட்டால் சாவான பாவம்” என்று ஒரே வீச்சில் கூறி நிறுத்துவர். யான் செய்தது இதுவே. இதனால் மென்மையான பிள்ளை இரவில் உறங்காது அஞ்சும். துணிவுள்ள பிள்ளை பெற்றோரை இகழக் கற்கும். கூரிய அறிவுள்ள பிள்ளையோ, இத்துணை நல்லவரான தன் தாயைப் பாவியென்னும் ஆசிரியர் பொய்யரே என்று தீர்மானிக்கும். மற்றொரு சாரார், வீட்டில் மனத்தாங்கல் விளையுமேயென்று அஞ்சிக் கட்டளையையே சொல்லாது விடுவர். “முடிந்தால் வாருங்கள்” என்பதோடு முடிப்பர். இஃது இரக்கம்போல் தோன்றினும் இரக்கமன்று. பிள்ளைக்கு உரிய உண்மையை மறைப்பது அதன் உடைமையைப் பறிப்பதை ஒக்கும். வளர்ந்தபின் அவ்வுண்மையைத் தானே கண்டறியும் நாளில், கற்பித்தவர் சொன்ன மற்றவற்றையும் அது ஐயுறும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? முழு உண்மையையும் சொல்லுதலே. 1992 ஆம் ஆண்டில் இரண்டாம் ஜான்பால் பாப்பரசர் காலத்தில் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஞாயிறு கடனை வேண்டுமென்றே விடுவது கனமான பாவம் என்று ஐயமின்றி உரைக்கிறது. அதனுடனேயே, நோய், கைக்குழந்தையைப் பேணுதல் போன்ற தக்க காரணம் உள்ளவர்க்கும், தம் பங்குக் குருவிடம் விலக்குப் பெற்றவர்க்கும் அக்கடன் இல்லையெனக் கூறுகிறது. சாவான பாவம் ஆவதற்குக் கனமான காரியம், முழு அறிவு, முழு மனச்சம்மதம் ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டுமெனவும் கற்பிக்கிறது. இன்னும் ஒரு படி சென்று, ஒரு செயல் கனமான குற்றமென்று நாம் சொல்லலாமேயன்றி, அதைச் செய்தவர்மீது தீர்ப்பிடுவதைக் கடவுளின் நீதிக்கும் இரக்கத்திற்கும் விட்டுவிட வேண்டுமெனவும் பணிக்கிறது.

இம்மூன்றனுள் முதலாவதை மட்டுமே நாம் வெளியிலிருந்து காண்கிறோம். அறிவும் சம்மதமும் நெஞ்சினுள் இருப்பவை. ஆதலின் அச்சிறுமிக்கு யான் கூறியிருக்கவேண்டிய விடை இது: “ஞாயிறு பூசை பெரிய கடன், அதை வேண்டுமென்றே தள்ளுவது பெரிய குற்றம். உன் அப்பா அம்மாவின் நெஞ்சிலிருப்பதை நீயும் அறியாய், யானும் அறியேன், ஆண்டவர் அறிவார். தீர்ப்பிடுவது உன் வேலையன்று. அவர்களை நேசிப்பதும், ‘என்னோடு வாருங்கள்’ என்று அழைப்பதும், அவர்களுக்காக வேண்டிக்கொள்வதுமே உன் வேலை.” எட்டு வயதுப் பிள்ளைக்கு இவை விளங்காவோ? நன்கு விளங்கும். வேண்டுமென்று தள்ளுவதற்கும் தவறிப் படுவதற்கும் உள்ள வேற்றுமையை விளையாட்டுத் திடலில் நாள்தோறும் வாதாடுபவர் அவர்களே அல்லரோ?

பிள்ளையின் சொந்தக் கணக்கையும் தெளிவாக்கவேண்டும். புத்தி விவரம் வரும் வயது ஏறத்தாழ ஏழு என்று 1910 ஆம் ஆண்டில் பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் வரையறுத்துப் புதுநன்மைக்கு வழிதிறந்தார். 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் ஏழு வயது நிரம்பியோரையே தன் விதிகளுக்கு உட்படுத்துகிறது. ஆகவே எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஞாயிறு கடன் உண்டு. ஆயினும் லாரிகள் விரையும் நெடுஞ்சாலையைக் கடந்து தனியே வர அதனால் ஆகாது. அழைத்துவர ஆளில்லாத ஞாயிறு அதன் பாவமாகாது. தந்தையின் குற்றம் மகன் தலையில் விழாது, ஒவ்வொருவரும் தத்தம் செயலுக்கே பொறுப்பாவர் என்று எசேக்கியேல் ஆகமத்தின் 18 ஆம் அதிகாரம் விரித்துரைப்பதும் இதுவே. இதனை அறியாத பிள்ளைகள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பெற்றோரின் குறையைத் தம்முடையதாகச் சொல்லி நிற்கின்றனர். வருகைப் பதிவேட்டைக் காட்டி அப்பிள்ளைகளைக் கடிந்துகொள்வதும், பிறர்முன் நிறுத்துவதும் நீதியாகா.

பெற்றோரே, இதனைக் கேட்டு ஆறுதல் கொள்ளற்க. பிள்ளையின்மீதுள்ள சுமையை இறக்கினோமேயன்றி உம்முடையதை இறக்கவில்லை. ஞானஸ்நானத்தன்று பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பை ஏற்பதாகச் சபைமுன் சொன்னவர் நீவிர். சொல்லாலும் முன்மாதிரியாலும் பிள்ளைகளை விசுவாசத்தில் பயிற்றுவது பிறரினும் முதற்கண் பெற்றோர்க்கே கடனென்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது. பிள்ளையைக் கோவில் வாயிலில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பி, வகுப்பு முடியும் வேளையில் வந்து ஏற்றிச் செல்லும் தந்தை, வாய்திறவாமலே ஒரு பாடம் நடத்துகிறார். “இது சிறு பிள்ளைகளுக்கானது, வளர்ந்தால் விட்டுவிடலாம்” என்பதே அப்பாடம். எம் ஒரு மணிநேர வகுப்பு அதன்முன் நிற்பதில்லை.

ஞாயிறன்று வேலையெனில் சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலும் கடன் நிறைவேறும். அதுவும் கூடாதெனில், குடும்பமாக அமர்ந்து ஜெபிக்கும்படி அச்சட்டமே அறிவுறுத்துகிறது. இது நம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. குருமார் அரியராயிருந்த பழைய நாளில், பல ஊர்களில் மாதக்கணக்காகப் பூசையே இல்லை. ஆயினும் ஞாயிறு பாழாகவில்லை. வேதியர் எனப்பட்ட உபதேசியார் மக்களைக் கூட்டி ஜெபஞ் சொல்வித்தனர். அவர்களுக்கென்றே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ இயற்றினார்.

அச்சத்தால் மட்டும் ஞாயிறு நிலைபெற்றதில்லை. கி.பி. 304 ஆம் ஆண்டில், உரோமைச் சக்கரவர்த்தி தியோக்கிலேசியனின் தடையை மீறி, வட ஆப்பிரிக்காவின் அபித்தினா என்னும் ஊரில் ஞாயிறு வழிபாட்டிற்குக் கூடிய 49 பேர் பிடிபட்டுக் கார்த்தேஜ் நகரில் விசாரிக்கப்பட்டனர். அவர்களுள் சத்துர்நீனுஸ் என்னும் குருவானவரும் அவர் மக்கள் நால்வரும் இருந்தனர். கடைக்குட்டியாகிய ஹிலாரியன் சிறு பிள்ளை. அவன் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு சென்றே ஞாயிற்றின் அருமையைக் கற்றிருப்பான். கட்டளையைக் கற்பிக்குமுன் அன்பைக் காட்டல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சில வாரங்கள் சென்றபின் அச்சிறுமியின் வீட்டிற்குப் போனேன். தந்தை இரவு ஷிப்டு முடித்து வந்து, கண் சிவக்க எழுந்து அமர்ந்தார். உள்ளறையில் படுக்கையிலிருந்த பாட்டியைத் தாய் பேணிக்கொண்டிருந்தாள். யான் வகுப்பில் ஒரே சொல்லால் தீர்த்த ‘பாவிகள்’ இவர்கள். தந்தை ஒளிக்கவில்லை. “விடுமுறை ஞாயிறுகளிலும் நான் வருவதில்லை, சார், பழக்கம் விட்டுப்போயிற்று” என்றார். சனிக்கிழமைப் பூசை எத்தனை மணிக்கு என்று வாயிலில் நின்று கேட்டார். சொன்னேன். சிறுமி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டு நின்றாள்.

மாணவ நண்பர்காள்! உங்களிற் பலர் நாளை ஆசிரியராவீர், பெரும்பாலோர் பெற்றோராவீர். பாவம் யாதென்று பிள்ளைக்குச் சொல்ல அஞ்சற்க; ஆனால் பாவி யாரென்று அதனிடம் சொல்லற்க. சொல்லிவிட்டு, அதன் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு உடன் செல்க.