குழந்தையின் பிறந்த நாளும் கடன்காரன் நோட்டும்

ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் பிறந்த நாள். பெற்றவர்களுக்குப் பத்து வாரம் கடன்!

தல்லாகுளத்தில் பெருமாள் கோயிலுக்குப் பின்புறம் ஒரு சந்து. பங்குனி மாதத்தில், பத்திரிகைச் சந்தா வசூலிக்க அங்கே ஒரு வீட்டுக்குச் சென்றோம். வீட்டுக்காரர் முன்பு மில்லில் நூற்பு இலாகாவில் வேலை பார்த்தவர். மில் மூடியபின் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இரவுக் காவல் பார்க்கிறார். அவர் மனைவி ரேஸ்கோர்ஸ் பக்கம் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். உள்ளே சுவரில் ரோஜா நிறப் பலூன்கள் சுருங்கித் தொங்கின. அட்டையில் ஒரு கோட்டை. கோட்டை வாசலில் ஒரு வெள்ளைக்கார இளவரசி. வெளியே திண்ணையில் வட்டிக்காரன் நோட்டைப் பிரித்து வைத்துக் காத்திருந்தான்.

"என்ன தங்கச்சி இது?" என்று கேட்டோம்.

"பாப்பாவுக்கு பர்த்டே கொண்டாடுனோம் அண்ணே, 'தீம்' வச்சு. நான் வேலை பாக்குற வீட்டுல போன மாசம் அவுக பிள்ளைக்குக் கொண்டாடுனாக. பாப்பாவையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். அடுப்படியில உக்காந்து கதவிடுக்கு வழியாவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும், 'எனக்கும் இளவரசி வேணும்மா'ன்னு ஒரே அழுகை. நான் என்னண்ணே செய்ய?"

நோட்டில் எழுதிய தொகை 10,000 ரூபாய். கைக்கு வந்தது 8,500 ரூபாய். வாரம் 1,000 ரூபாய் வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். அதீத வட்டி வசூலைத் தடை செய்யத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டே சட்டம் வந்தது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. நோட்டு திண்ணையில் இருக்கிறது!

"நான் என்ன செய்ய?" என்று அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு அன்று நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஏழைக்கு எதற்குப் பிறந்த நாள்?

இப்படிக் கேட்கும் பெரிய மனிதர்கள் உண்டு. "கூலிக்காரனுக்கு ஏன் இந்த ஆடம்பரம்? அடங்கி இருக்கக் கூடாதா?" என்பது அவர்கள் உபதேசம். இந்த உபதேசத்தை நாம் காறித் துப்புகிறோம்.

நம்மில் எத்தனை பேருக்குச் சொந்தப் பிறந்த நாள் தெரியும்? வயல் வரப்பில் பிறந்தவனுக்கு, "பெரிய மழை பெய்த வருஷம்", "கம்பு அறுப்பு சமயம்" என்பதுதான் ஜாதகம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தம் இஷ்டத்துக்கு ஒரு தேதியை எழுதினார். அந்தத் தேதியோடுதான் நம்மில் பலர் இன்றும் நடமாடுகிறோம். பிறந்த பிள்ளைகளில் பல, பேச்சு வருமுன்பே மண்ணுக்குள் போன காலமும் ஒன்று இருந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மத்திய சர்க்காரின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது 13. இந்தியா முழுவதற்கும் அந்தக் கணக்கு 28. இது தானாக வந்த அதிர்ஷ்டமல்ல. சர்க்கார் ஆஸ்பத்திரியும், கிராம நர்சும், தடுப்பூசியும், சத்துணவும் சேர்ந்து பிழைக்க வைத்த உயிர்கள் இவை. ஆகவே, ஐந்து வயது நிரம்பிய ஒரு தொழிலாளியின் குழந்தையைப் பார்த்துத் தெருவே சந்தோஷப்படலாம். பிறந்த நாள் ஆடம்பரமல்ல. அது நம் பிள்ளையின் உரிமை.

அந்த உரிமையைத்தான் கடைக்காரன் பிடுங்கித் துண்டு போட்டு, நமக்கே விற்கிறான்!

இளவரசிக்கும் ஒரு முதலாளி

'தீம்' என்றால் என்ன? ஒரே வேஷத்தில் எல்லாமே. பின்திரை இளவரசி, கேக் இளவரசி, தொப்பி இளவரசி, காகிதத் தட்டு இளவரசி, வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பென்சில் டப்பாவும் இளவரசி. ஒன்று குறைந்தால் விழாவே குறை என்று பிள்ளை மனதில் ஏற்றிவிடுகிறார்கள். வீட்டில் சும்மா கிடக்கும் தட்டும் டம்ளரும் அன்றைக்கு உதவாது. வியாபாரத்தின் சூட்சுமம் இதுதான்.

குழந்தை கதை கேட்பதும், வேஷம் கட்டுவதும், புலியாகவும் ராணியாகவும் ஆடுவதும் இயற்கை. ஆனால் சந்தையில் விற்கும் அந்த உருவங்களுக்குச் சொந்தக்காரக் கம்பெனி இருக்கிறது. மிக்கி எலியின் முதல் பேசும் படம் 1928-ல் வந்தது. அந்த முதல் உருவம் அமெரிக்காவில் பொதுச் சொத்தானது 2024 ஜனவரி 1-ல். தொண்ணூற்றைந்து வருஷம் ஓர் எலிக்கு எஜமானன் இருந்தான்!

கேக் வெட்டும்போது பாடுகிறார்களே ஓர் இங்கிலீஷ் பாட்டு, அதன் கதையையும் கேளுங்கள். அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்தைச் சேர்ந்த பேட்டி ஹில், மில்ட்ரெட் ஹில் என்ற சகோதரிகள், பாலர் பள்ளிப் பிள்ளைகள் காலையில் பாடுவதற்காக 1893-ல் வெளியிட்ட மெட்டு அது. பிற்காலத்தில் பிறந்த நாள் வாழ்த்து அதில் ஏறிக்கொண்டது. 1988-ல் வார்னர்-சாப்பல் கம்பெனி அதன் உரிமையை வாங்கி, சினிமாவில் அதைப் பாட வைத்தவர்களிடம் கப்பம் வசூலித்தது. ஆவணப் படம் எடுத்த ஒரு பெண் 2013-ல் வழக்குப் போட்டார். அந்த வரிகளுக்குக் கம்பெனி கொண்டாடிய உரிமை செல்லாது என்று 2015-ல் கோர்ட் தீர்ப்பளித்தது. 2016-ல் கம்பெனி 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. பிள்ளைகள் பாட்டுக்கே வாடகை வசூலித்தவர்கள், பிள்ளைகளின் கனவை மட்டும் சும்மா விடுவார்களா?

யார் உழைப்பு? யார் தலையில் குப்பை?

பலூன் ரப்பர் பாலில் பிறக்கிறது. நம் மாநிலத்தில் ரப்பர் விளையும் ஜில்லா கன்னியாகுமரி. விடியுமுன் எழுந்து, விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாகப் பட்டை சீவிப் பால் எடுப்பவன் தொழிலாளி. ஊதிக் கட்டுகிறவன் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் கூலிப் பையன். இரவு பதினொரு மணிக்கு எச்சில் தட்டை எடுப்பவள் நம் தங்கச்சி. மறுநாள் காலையில் அதையெல்லாம் கூட்டி வாருகிறவர் மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. அவர் வாரிய குப்பை அவனியாபுரம் பக்கம் வெள்ளைக்கல்லில் போய்க் குவிகிறது.

பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் குவளையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பலூனுக்குச் செருகும் பிளாஸ்டிக் குச்சியும், அலங்காரத் தெர்மாகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. தடை செய்த சரக்கு எப்படி வீட்டுக்குள் வருகிறது? தெருவோரப் பெட்டிக் கடையில் பை பிடிக்கும் அதிகாரி, ஆலை வாசலுக்கும் மொத்த வியாபாரியின் கிடங்குக்கும் போவதுண்டா?

இன்னொரு எச்சரிக்கை. மேலே பறக்கும் வாயு பலூனில் விலை மலிவுக்காக ஹைட்ரஜனை அடைப்பவர்கள் உண்டு. அது தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் வாயு. 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் பிரதமரின் பிறந்த நாள் விழாவுக்குக் கொண்டுவந்த பலூன்கள் வெடித்துப் பலர் தீக்காயம் பட்டார்கள். மெழுகுவத்தி எரியும் சின்ன அறைக்குள், பிள்ளைகள் நடுவே, அந்தப் பலூனை விடாதீர்கள்!

பட்டியலில் உட்கார்ந்திருக்கும் சாதி

நம் பக்கத்துக் குற்றத்தையும் ஒளிக்காமல் சொல்வோம். கடன் வாங்கி நடந்த அந்த விழாவுக்குச் சந்தில் பதினாறு வீட்டில் ஒன்பது வீட்டுக்குத்தான் அழைப்பு. கடைசியில் உள்ள துப்புரவுத் தொழிலாளி வீட்டுக்கு அழைப்பில்லை. அவர் மகன் பாப்பாவோடு ஒரே அங்கன்வாடியில் படித்தவன். "இடம் பத்தாதுண்ணே" என்றார் வீட்டுக்காரர். இடம் பத்தவில்லையா, மனம் பத்தவில்லையா?

அடுப்படியில் உட்கார வைக்கப்பட்ட குழந்தையின் வேதனை அந்தத் தாய்க்குத் தெரியும். அதே வேதனையை வேறொரு குழந்தைக்குக் கொடுக்கிறோமே என்று தோன்றவில்லை. பணக்காரன் வீட்டு விழாவைக் காப்பியடித்தால், அந்த வீட்டுக் கதவும் நம் வீட்டுக்கு வந்து சேரும்.

எதிர்சேவையைப் பாருங்கள்!

தல்லாகுளத்துக்காரர்களுக்கு வேஷம் புதிதா? சித்திரா பௌர்ணமிக்கு முதல் நாள், அழகர்மலையிலிருந்து வரும் அழகரை எதிர்கொள்ளத் தெருவெல்லாம் ஜனம். சல்லடம் கட்டி, தலைப்பாகை வைத்து, தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிற வாண்டுகள் எத்தனை! சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றி நிற்கும் அப்பத்தாக்கள் எத்தனை! சாமி கும்பிடுவது அவரவர் இஷ்டம். மண்டகப்படி மரியாதையில் மேல், கீழ் இருப்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் தெருவில் நிற்கும் குழந்தையிடம் அழைப்பிதழ் எங்கே என்று எவனும் கேட்பதில்லை. அந்தக் கூட்டத்தில் எந்தத் தாயும் தன் பிள்ளையைக் கதவிடுக்கு வழியாகப் பார்க்க வைப்பதில்லை.

இதைத்தான் சந்துக் கூட்டத்தில் பேசினோம். வாக்குவாதம் பலமாக நடந்தது. கடைசியில் முடிவானது: வைகாசி முதல் ஞாயிறு, அந்த மாதம் பிறந்த நான்கு பிள்ளைகளுக்கும், பங்குனியில் அழைப்பில்லாமல் போன பிள்ளைகளுக்கும் சேர்த்து, தெருவில் ஒரே விழா. வீட்டுக்கு 50 ரூபாய். பதினாறு வீட்டுக்கு 800 ரூபாய். கடன் கிடையாது.

என்ன வேஷம் என்பதைப் பிள்ளைகளே தீர்மானித்தார்கள். "காடு!" என்று கத்தினார்கள். தென்னங்கீற்றில் பாம்பும் கிளியும் முடைந்து கொடுத்தார் ஒரு தாத்தா. பழைய அட்டையில் மஞ்சளும் கரியும் பூசிப் புலிமுகம் செய்தார்கள். இளவரசி கேட்டு அழுத பாப்பா, இரண்டு முறத்தைக் காதாகக் கட்டிக்கொண்டு யானையாக வந்தாள். பணியாரம் சுட்டோம், சுண்டல் அவித்தோம். ஒரு கேக்கும் வாங்கினோம். ஏன் வாங்கக் கூடாது? அதைச் செய்தவனும் தொழிலாளிதான். பிள்ளைகளில் மூத்தவன் துப்புரவுத் தொழிலாளியின் மகன். அவன்தான் முதலில் வெட்டினான். இரண்டு வீட்டார் பிள்ளைகளை அனுப்பவில்லை. காரணத்தை நாம் கேட்கவில்லை, அது தெரிந்ததுதான். சத்தம் கேட்டதும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் தாமே ஓடி வந்துவிட்டார்கள். இன்னொரு கதவு மூடியே இருந்தது. அந்தக் கதவையும் தட்டுவோம்.

பாப்பாவின் அம்மா அன்று சிரித்தார். ஆனால் நோட்டில் இன்னும் மூன்று வாரப் பாக்கி இருந்தது. ஒரு விழாவால் கடன் தீராது, தோழர்களே! இரண்டு பேர் உழைத்தும் ஒரு கேக்குக்குக் கடன் வாங்க வேண்டிய கூலிதான் மூல வியாதி. கூலி உயர்வுக்கும், வட்டிக்காரன் மிரட்டலை ஒழிக்கவும், தெருப்பிள்ளைகள் ஆட ஒரு திடலுக்கும் சங்கமாகத் திரண்டு போராடுவோம். அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பிறந்த நாளுக்குக் கடன் வாங்காதீர்கள். அழைப்பில் சாதி பார்க்காதீர்கள். மாதம் ஒரு நாள் தெருவையே வீடாக்குங்கள்.

பிள்ளைகள் நம்முடையவர்கள். அவர்கள் சிரிப்பை எந்தக் கம்பெனிக்கும் அடகு வைக்க மாட்டோம்!